ரத்தம் கெட்டுப்போகவில்லை: சொரியாசிஸும் காவல் ஜீன்களும்

பெரியப்பாவின் முழங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு. சிவந்த தோல், அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில். தோல் டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டின் விளிம்பால் அதை மெல்லச் சுரண்டினார். மெழுகுவத்தியைச் சுரண்டினால் உதிர்வதுபோல வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று தெரிந்தது. அதுவும் விலகியதும் குண்டூசி முனை அளவில் அங்கங்கே ரத்தப் புள்ளிகள் அரும்பின.

"சொரியாசிஸ்தான். வீட்டில் வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

"ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க சார்" என்றார் பெரியப்பா. கூட வந்திருந்த பெரியம்மாவின் கேள்வி வேறு: "பிள்ளைங்களுக்கும் வருமா டாக்டர்?"

வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். டாக்டருக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில், ஒட்டுவாரொட்டி இல்லை என்பதையும் ரத்தத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை என்பதையும் மட்டும் சொல்ல முடிந்தது. நான் கல்லூரியில் உயிரியல் பாடம் எடுப்பவள். பெரியம்மாவின் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரத்தப் புள்ளிகள். நம் மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல், மெல்ல மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் இந்தப் பயணம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதிர நேரம் கிடைக்காத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே மேலே வந்து சேர்கின்றன. அதுதான் செதில். இத்தனை செல்லுக்கும் சாப்பாடு போடுவதற்காக அடியில் இருக்கும் ரத்த நுண்குழாய்கள் நீண்டு, வளைந்து, மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. செதிலை நீக்கினால் அவற்றின் நுனி உடைந்து புள்ளி புள்ளியாக ரத்தம் தெரிகிறது. இதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். சுரண்டிய இடத்திலேயே நோய் பரவும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் இந்த நோயைத் தொழுநோயோடு போட்டுக் குழப்பினார்கள். 1841-இல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்ற தோல் மருத்துவர்தான் இது வேறு, அது வேறு என்று தெளிவாகப் பிரித்தார். நம் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்கிறார்கள். பெயர் பிரிந்து 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பயம் பிரியவில்லை. பெரியப்பா இருபது வருடமாக முடி வெட்டிக்கொண்ட கடையில் ஒருநாள் அவருக்குத் துண்டு போர்த்த மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறார். தொட்டால் ஒட்டாத நோய்க்கு இப்படி ஒரு தண்டனை கிடைப்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தோல் வேகமாக வளர்கிறது என்றால் கோளாறு தோலில்தானே இருக்க வேண்டும்? 1970கள் வரை ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். 1979-இல் ஒரு திருப்பம் வந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை மூட்டுவலிக்காரர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சொரியாசிஸும் இருந்தவர்களின் தோல், யாரும் எதிர்பாராமல், தெளிந்துவிட்டது. அந்த மருந்து முக்கியமாக அடக்குவது டி செல் என்ற வெள்ளணுக்களை. பின்னாளில் இன்னொரு சான்றும் சேர்ந்தது. வேறு நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட சிலருக்கு, இருந்த சொரியாசிஸ் மறைந்தது. சொரியாசிஸ் உள்ளவரிடமிருந்து மஜ்ஜை பெற்ற சிலருக்கு, இல்லாத சொரியாசிஸ் வந்தது. ரத்த அணுக்கள் பிறக்கும் இடம் மஜ்ஜை. ஆக, தோலை விரட்டும் சாட்டை எதிர்ப்பு அணுக்களின் கையில் இருக்கிறது.

அந்தச் சாட்டையை அவற்றின் கையில் கொடுத்தது எது என்று தேடும்போதுதான் குடும்பம் என்ற விஷயம் வருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த குன்னர் லோம்ஹோல்ட் என்ற மருத்துவர் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் வீடு வீடாகப் போய் சுமார் 11,000 பேரைப் பரிசோதித்து, 1963-இல் முடிவை வெளியிட்டார். அங்கே சொரியாசிஸ் இருந்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு அதே நோயுள்ள உறவினர் ஒருவராவது இருந்தார். இரட்டையர் ஆய்வுகளும் அதையே காட்டின. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு சொரியாசிஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, ஆய்வுக்கு ஆய்வு மாறி, 35 முதல் 70 சதவீதம் வரை. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் அது 12 முதல் 23 சதவீதம்தான்.

இந்த எண்ணை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஒரே கருவில் வந்தவர்களுக்கு ஜீன்கள் அச்சு அசல் ஒன்று. அப்படியிருந்தும் இருவருக்கும் வருவது நூற்றுக்கு நூறு இல்லை. ஜீன் இல்லாமல் இந்த நோயைப் புரிந்துகொள்ள முடியாது, ஜீன் மட்டும் இருந்தாலும் நோய் வந்துவிடாது என்ற இரண்டும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

எந்த ஜீன் என்பதற்கான முதல் துப்பு 1972-இல் கிடைத்தது. நம் 6-ஆவது குரோமோசோமில் எச்எல்ஏ என்ற ஜீன் கூட்டம் இருக்கிறது. சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு முன் தானம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பொருத்தம் பார்க்கிறார்களே, அதில் பார்ப்பது இதைத்தான். இந்தக் கூட்டத்தின் சில வகைகள் சொரியாசிஸ் உள்ளவர்களிடம் அதிகமாகத் தென்பட்டன. 1989-இல் தென்னிந்திய நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் எச்எல்ஏ-பி57 என்ற வகை தொடர்புடையதாக வெளிப்பட்டது. பல வருடத் தேடலுக்குப் பிறகு 2006-இல் குறி ஓரிடத்தில் குவிந்தது: எச்எல்ஏ-சி*06:02. பழைய பெயர் சிடபிள்யூ6. தென்னிந்திய ஆய்வில் கண்ட பி57-உம் இதுவும் குரோமோசோமில் பக்கத்து வீடுகள். பெரும்பாலும் கைகோத்தபடியே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

இந்த ஜீன் செய்யும் வேலை என்ன? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, எதிர்ப்பு மண்டலம் தினமும் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் சமைக்கும் புரதங்களிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுகிறது. அதை ஏந்திக் காட்டும் கரண்டிதான் எச்எல்ஏ மூலக்கூறு. ரோந்து வரும் டி செல் கரண்டியில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கும். நம் வீட்டுச் சோறு என்றால் பேசாமல் நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கு என்றால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

கரண்டியின் குழி எல்லோருக்கும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. உங்கள் கரண்டியில் நிற்கும் துணுக்கு என் கரண்டியில் நிற்காமல் போகலாம். சி*06:02 என்ற கரண்டியின் குழிக்குத் தோலுக்குச் சொந்தமான சில துணுக்குகள் வாகாகப் பொருந்திவிடுகின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்லின் ஒரு புரதத்திலிருந்து வரும் துணுக்கு, இந்தக் கரண்டியில் ஏறி டி செல்லை உசுப்புவதை 2015-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காயம்பட்ட தோலில் கிருமிகளைக் கொல்வதற்காக நம் உடலே சுரக்கும் எல்எல்37 என்ற பொருளையும் சிலரின் டி செல்கள் எதிரியாகப் பார்க்கின்றன. காவல்காரர் வீட்டுக்காரரையே கள்வன் என்று பிடித்துக்கொள்கிறார்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய் சரியான அளவில் நறுக்கப்பட்டால்தானே கரண்டியில் நிற்கும்? செல்லுக்குள் அந்த அரிவாள்மணை வேலையைச் செய்வது ஈஆர்ஏபி1 என்ற நொதி. அதன் ஜீனில் உள்ள மாறுபாடும் சொரியாசிஸுக்கான வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கிறது என்று 2010-இல் தெரியவந்தது. அந்த ஆய்வில் அதன் விளைவு தெரிந்ததெல்லாம் சி*06 கரண்டி வைத்திருப்பவர்களிடம்தான். நறுக்குவதும் ஏந்துவதும் சேர்ந்தால்தான் தட்டில் பண்டம் வருகிறது.

இனி பெரியம்மாவுக்கு மிக முக்கியமானது. சி*06:02 வைத்திருப்பவர்களில் சொரியாசிஸ் வருவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேர் அந்தக் கரண்டியோடு பிறந்து, வாழ்ந்து, ஒரு செதிலும் உதிராமல் போய்ச்சேர்கிறார்கள். இன்னொரு பக்கம், சொரியாசிஸ் உள்ளவர்களில் பலரிடம் இந்த ஜீன் கிடையவே கிடையாது. 1985-இல் ஹென்ஸ்லர், கிறிஸ்டோஃபர்ஸ் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் இதில் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். நாற்பது வயதுக்கு முன் தொடங்கும் நோயில் குடும்ப வழியும் சி*06 கரண்டியும் அதிகம். நாற்பதுக்குப் பிறகு தொடங்குவதில் இரண்டும் குறைவு. பெரியப்பாவுக்கு வந்தது ஐம்பத்தாறு வயதில்.

அப்படியானால் வேறு ஜீன்களும் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் டிஎன்ஏவை நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டதில், தொடர்புள்ள இடங்கள் இன்று 100-ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு உங்களைக் களைப்பாக்கப் போவதில்லை. ஆனால் அவற்றில் கணிசமானவை ஒரே தெருவில் குடியிருப்பது கவனிக்கத் தக்கது. அந்தத் தெருவின் பெயர் இன்டர்லூகின்-23.

தோலில் காவல் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் ஆபத்து என்று நினைத்தால் இன்டர்லூகின்-23 என்ற செய்தியை வெளியிடும். டி செல் அதை வாங்கிக்கொண்டு இன்டர்லூகின்-17 என்ற அடுத்த செய்தியை விடும். அது தோல் செல்லுக்குப் போய்ச் சேர்ந்ததும் தோல் செல் வேகமாகப் பெருகும், கிருமிக்கொல்லிப் பொருள்களைக் கொட்டும், கூடவே "இன்னும் ஆள் அனுப்பு" என்று எதிர்ப்பு அணுக்களைக் கூப்பிடும். வந்தவர்கள் மறுபடி இன்டர்லூகின்-23 விடுவார்கள். ஊரில் ஒரு நாய் குரைக்க, அடுத்த தெரு நாய் குரைக்க, அதைக் கேட்டு முதல் நாய் மறுபடி குரைப்பதுபோல. திருடன் போய் வெகுநேரம் ஆகியிருக்கும், அல்லது வந்தே இருக்க மாட்டான்.

இன்டர்லூகின்-23-இன் ஒரு பாகத்தைச் செய்யும் ஜீன், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஜீன், வாங்கிய செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் டிஒய்கே2 என்ற ஜீன் ஆகிய மூன்றிலுமே சொரியாசிஸோடு தொடர்புடைய மாறுபாடுகள் உண்டு. எல்லா மாறுபாடும் கெடுதல் செய்வதில்லை. ஏற்பியின் 381-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் பிறந்தவர்களுக்குச் செய்தி கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறது. அவர்களுக்கு சொரியாசிஸ் வரும் வாய்ப்பு குறைவு. குடலைத் தாக்கும் கிரோன் நோயும் அவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. டிஒய்கே2 ஜீனிலும் இப்படிக் காப்பாற்றும் மாறுபாடு ஒன்று இருக்கிறது.

குரைப்பதை நிறுத்தச் சொல்லும் ஜீன்களும் உண்டு. டிஎன்எஃப்ஏஐபி3 என்ற ஜீன் செய்யும் புரதம் அழற்சிக்கு பிரேக் போடுவது. அந்த பிரேக் கொஞ்சம் தேய்ந்து பிறந்தவர்களுக்குச் சின்ன அழற்சியும் நிற்காமல் ஓடும். எதிர்ப்பு மண்டலத்துக்கு வெளியே, தோலின் சுவரைக் கட்டும் எல்சிஇ3 ஜீன்களில் இரண்டு இல்லாமலே பிறப்பவர்களும் நிறைய. அவர்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. உடலெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பி, காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகும் அரிய வகை ஒன்று உண்டு. அது கதையே வேறு. 2011-இல் துனிசியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு ஐஎல்36ஆர்என் என்ற ஒரே ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுதாகியிருந்தது தெரிந்தது.

இத்தனை ஜீனும் பிறக்கும்போதே இருக்கின்றன. நோய் மட்டும் ஏன் பதினெட்டிலோ ஐம்பத்தாறிலோ வருகிறது? காய்ந்த சருகு குவிந்து கிடந்தாலும் தீக்குச்சி விழ வேண்டுமே. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம் காணும் தீக்குச்சி தொண்டைப்புண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் டான்சில் வீங்கி, அது ஆறி இரண்டு மூன்று வாரத்தில், மழைத்துளி தெறித்ததுபோல உடம்பெங்கும் சிறுசிறு திட்டுகள் கிளம்பும். இந்த வகைக்கும் சி*06:02-க்கும் நெருக்கம் மிக அதிகம். கிருமியின் மேலுறைப் புரதமும் நம் தோலின் கெரட்டின் புரதமும் சில இடங்களில் சாயல் ஒத்தவை. தொண்டையில் கிருமியை அடையாளம் கற்றுக்கொண்ட டி செல் தோலுக்கு வந்து ஆள் மாறாட்டம் செய்துவிடுவதாகக் கருதுகிறார்கள்.

காயமும் ஒரு தீக்குச்சி. ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1870களில் எழுதிய நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் திட்டுகள் வந்தன. நம் வீடுகளில் பாவாடை நாடா இறுகும் இடுப்பைப் பாருங்கள். அங்கே வரிசைகட்டி வரும். சுரண்ட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். புகை, மது, உடல் பருமன், மன உளைச்சல், லித்தியம் போன்ற சில மாத்திரைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. "பத்தே நாளில் குணம்" என்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், முதலில் அற்புதமாகக் கேட்கும். நிறுத்தியதும் திட்டு சீழ்க்கொப்புளமாக வெடிக்கக்கூடும். மருத்துவர் கையெழுத்தில்லாத பொட்டலத்தை வாங்கவே வேண்டாம்.

இவ்வளவு தொந்தரவு தரும் ஜீன் ஏன் மறையாமல் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. சொரியாசிஸ் திட்டு வெடித்துக் கிடந்தாலும் அதில் கிருமித்தொற்று வருவது எக்ஸிமாவில் வருவதைவிட மிகக் குறைவு. கிருமிக்கொல்லிகள் அங்கே அவ்வளவு கொட்டிக் கிடக்கின்றன. எச்ஐவியைக் கட்டுக்குள் வைக்க உதவும் எச்எல்ஏ மாறுபாடுகள் சொரியாசிஸ் உள்ளவர்களிடம் அதிகம் இருப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மருந்தில்லாத காலத்தில் தொற்றுநோயிலிருந்து நம் முன்னோரைக் காத்த முரட்டுக் காவலின் எச்சம் இது என்று நினைக்கவே எனக்குத் தோன்றுகிறது.

ஜீன் ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன லாபம் என்றால், மருந்துக்கடையில் காட்டலாம். 2009-இல் வந்த உஸ்டெகினுமாப் என்ற ஊசிமருந்து இன்டர்லூகின்-23-ஐயும் அதன் உறவான 12-ஐயும் பிடித்துக் கட்டுகிறது. 2015-இல் செகுகினுமாப் இன்டர்லூகின்-17-ஐ அடைத்தது. 2017-இல் குசெல்குமாப் 23-ஐ மட்டும் குறிவைத்தது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டியூக்ராவாசிடினிப் டிஒய்கே2-ஐ மந்தப்படுத்தும் மாத்திரை. சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த அந்தக் காப்பை மாத்திரையாக விழுங்குவது மாதிரி. கியூபாவில் உருவாகி பெங்களூரின் பயோகான் வளர்த்தெடுத்த இடோலிசுமாப், டி செல்லின் மேலுள்ள சிடி6 என்ற புரதத்தை மூடுவது. இந்தியா 2013-இல் அதற்கு அனுமதி தந்தது. இந்த ஊசிகளுக்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். காவலைத் தளர்த்தும்போது உள்ளே தூங்கும் கிருமி எழக்கூடும், நம் நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. விலையும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. பலருக்கு களிம்பு, ஒளிச்சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் ஆகியவையே இன்றும் கைகொடுக்கின்றன. பெரியப்பாவுக்குக் களிம்பே போதுமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று பெரியம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். சி*06:02 இருந்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு வராது, இல்லாவிட்டாலும் வரலாம் என்றால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன முடிவெடுப்பது? டாக்டர்களும் கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் நோயை முடிவுசெய்கிறார்கள்.

அவர் உண்மையில் கேட்க வந்தது கடைசியில்தான் வெளியே வந்தது. அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, மறைப்பதா? சொல்லுங்கள், எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம், இருவருக்கும் இருந்தால் சுமார் 41 என்று ஒரு பழைய ஐரோப்பியக் கணக்கு உண்டு. அக்காவுக்கு 100-க்கு 86 பங்கு வராது. ஐம்பதைத் தாண்டி வந்த பெரியப்பாவின் வகையில் குடும்ப வழி இன்னும் குறைவு.

பெரியம்மா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 14, 86 என்று எழுதி, அதன் கீழே "தொண்டைவலி வந்தால் டாக்டர்" என்றும், "காலையில் விரல் மூட்டு விறைத்தால் டாக்டர்" என்றும் என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். இரண்டாவது வரி பெரியப்பாவுக்காக. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் வரையானவர்களுக்கு மூட்டிலும் இதே அழற்சி வருகிறது, தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். அவர் தினமும் முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் அந்தத் தாள் இப்போது செருகியிருக்கிறது.